ரெய்டை யார் கோக்க வேண்டும்? ஒரு டிஸ்க் போன நாளை வைத்து ஓர் ஒப்பீடு

லினக்ஸில் இரண்டு டிஸ்க்கை வைத்து ஒரு ரெய்டு 1, அதாவது ஒரே தரவு இரண்டிலும் இருக்கும் தொகுதி, உருவாக்குவது ஒரு வரி வேலை. உருவாக்கிய அன்று எல்லாம் நன்றாகவே ஓடும். மெஷினை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் அடுத்த கேள்வி எழுகிறது: இந்த இரண்டும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை என்பதை ஒவ்வொரு பூட்டிலும் யார் கண்டுபிடிப்பது, யார் கோப்பது, எந்தப் பெயரில் கொடுப்பது?

இதற்கு நாலைந்து வழிகள் இருக்கின்றன. டிஸ்க்குகள் எல்லாம் நலமாக இருக்கும் நாளில் எல்லா வழியும் வேலை செய்யும் என்பதால், அந்த நாளை வைத்து ஒப்பிட்டுப் பயனில்லை. ரெய்டு போடுவதே ஒரு டிஸ்க் போகும் நாளுக்காகத்தானே? அந்த நாளில் மெஷின் தானாக எழுமா, எழுந்தால் சரியான தரவோடு எழுமா, எழாவிட்டால் என் முன்னால் எந்தத் திரையை நிறுத்தும் என்பதை வைத்தே இங்கே பார்க்கப் போகிறேன்.

சிக்கலின் வேர் ஒன்றுதான். தொகுதியைக் கோக்கும் கருவி எம்டிஅட்ம் (mdadm). அது இருப்பது ரூட் ஃபைல் சிஸ்டத்துக்குள், அதாவது இயங்குதளமே இருக்கும் இடத்தில். அந்த ரூட்டே ரெய்டின் மேல் உட்கார்ந்திருந்தால், பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். ஒன்று, கெர்னலே கோக்கத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் சாவியின் நகல் ஒன்று வெளியே இருக்க வேண்டும். அந்த நகல்தான் இனிட்ராம்எஃப்எஸ் (initramfs), பூட்டின்போது நினைவகத்தில் ஏறும் ஒரு தற்காலிக ரூட். ரூட் தனியாக இருந்து தரவு மட்டும் ரெய்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு, அவர்களைப் பிறகு கவனிக்கலாம்.

கெர்னலே கோக்கட்டும் என்று விடுவது

பழைய வழி இதுதான், பார்க்க அழகான வழியும் இதுதான். பார்ட்டிஷனின் வகையை எஃப்டி என்று குறித்துவிட்டால் போதும். கெர்னல் எழும்போது அப்படிக் குறித்த பார்ட்டிஷன்களையெல்லாம் தேடிப் பிடித்து, அவற்றின் சூப்பர்பிளாக்கை, அதாவது டிஸ்க்கிலேயே எழுதியிருக்கும் தொகுதிக் குறிப்பைப் படித்து, ஒன்றுக்கொன்று சொந்தமானவற்றைச் சேர்த்துத் தொடங்கிவிடும். கான்ஃபிக் ஃபைல் கிடையாது, இனிட்ராம்எஃப்எஸ் தேவையில்லை. சொந்தமாகக் கெர்னல் கம்பைல் செய்து, தேவையானதை மட்டும் உள்ளே வைத்துக்கொள்கிறவர்களுக்கு இன்னும் இதன்மேல் ஒரு பிரியம் உண்டு. எனக்கும் இருந்தது.

நிபந்தனைகளைப் பார்த்தால் பிரியம் கொஞ்சம் குறையும். கெர்னலில் ரெய்டை நடத்தும் எம்டி டிரைவர் மாட்யூலாக இருக்கக் கூடாது, கெர்னலுக்குள்ளேயே இருக்க வேண்டும். கெர்னல் 2.6.9-இலிருந்து சூப்பர்பிளாக் 0.90 வடிவத்தில் இருக்கும் தொகுதிகளை மட்டும்தான் இப்படித் தானாகத் தொடங்க முடியும். எம்டிஅட்ம் இன்று இயல்பாக எழுதுவதோ 1.2. அதாவது இந்த வழி வேண்டுமென்றால் தொகுதியை உருவாக்கும்போதே பழைய வடிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பழைய வடிவத்தில் 28 டிஸ்க்குக்கு மேல் சேர்க்க முடியாது. எம்டிஅட்ம் கையேடு ஒவ்வொரு டிஸ்க்குக்கும் 2 டெராபைட் என்ற வரம்பையும் சொல்கிறது. இன்னொரு விசித்திரமும் உண்டு. 0.90 தன் குறிப்பை டிஸ்க்கின் கடைசியில் எழுதுகிறது. கடைசிப் பார்ட்டிஷன் 64 கிலோபைட் எல்லையில் தொடங்கினால், அந்தக் குறிப்பு பார்ட்டிஷனுடையதா, முழு டிஸ்க்குடையதா என்ற குழப்பம் வரலாம்.

இதெல்லாம் காகிதத்தில் உள்ள குறைகள். நான் நேரில் பட்டது வேறு. பழைய மெஷினிலிருந்து ஒரு டிஸ்க்கைக் கழற்றி, அதிலிருந்த சில ஃபைல்களை எடுப்பதற்காக பயன்பாட்டில் இருந்த இன்னொரு மெஷினில் மாட்டி எழுப்பினேன். இரண்டு மெஷின்களிலும் ரெய்டு இந்த எஃப்டி முறையில்தான் இருந்தது, இரண்டிலும் தொகுதியின் எண் 0. 0.90 சூப்பர்பிளாக்கில் "நான் இத்தனையாவது எம்டி" என்று ஓர் எண் எழுதியிருக்கும், கெர்னல் அதை நம்பும். முதலில் கண்ணில் பட்டது பழைய டிஸ்க். அது எம்டி0 ஆக எழுந்து உட்கார்ந்துவிட்டது. என்னுடைய உண்மையான தொகுதியைப் பார்த்து, "எம்டி0 ஏற்கெனவே ஓடுகிறது, இதைத் தொடங்க முடியாது" என்று கெர்னல் ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்தது. மெஷின் எழுந்தது, ஆனால் மூன்று வருடத்துக்கு முந்தைய ரூட்டோடு! லாகின் திரையில் பழைய ஹோஸ்ட் பெயரைப் பார்த்ததும் ஒரு நிமிடம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இந்த வழிக்கு "இது யாருடைய தொகுதி" என்று கேட்கத் தெரியாது. எஃப்டி என்று எழுதியிருந்தால் எடுத்துக் கோத்துவிடும், அவ்வளவுதான். வேண்டாமென்றால் பூட் வரியில் ரெய்டு=நோஆட்டோடிடெக்ட் என்று சேர்க்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதில் ஏமாறுகிறார்கள். இனிட்ராம்எஃப்எஸ்ஸோடு எழும் மெஷினில் கெர்னல் இந்தத் தேடலைச் செய்வதே இல்லை. ரூட்டை ஏற்றும் பொறுப்பு முழுவதையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸிடம் விட்டுவிடுகிறது. பெரும்பாலான டிஸ்ட்ரோக்கள் இப்படித்தான் எழுகின்றன. எனவே பார்ட்டிஷனுக்கு எஃப்டி வகை கொடுத்துவிட்டு "அதனால்தான் என் ரெய்டு தானாக எழுகிறது" என்று நினைத்துக்கொண்டிருந்தால், உண்மையில் அதை எழுப்புவது வேறொன்று.

பூட் வரியிலேயே சொல்வது

எம்டி=0, அப்புறம் முதல் பார்ட்டிஷனின் பெயர், அடுத்து இரண்டாவதன் பெயர் என்று கெர்னலின் பூட் வரியில் கையால் எழுதிவிடுவது இந்த வழி. பழைய டிஸ்க் உள்ளே நுழைந்து குழப்பும் ஆபத்து இதில் குறைவு. எதைக் கோக்க வேண்டும் என்று நாமே சொல்லிவிடுகிறோம். ஆனால் சொல்வது எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்களை வைத்து. அந்தப் பெயர்கள் டிஸ்க்குகள் கண்ணில் பட்ட வரிசையில் கிடைப்பவை. நான்கு டிஸ்க்கில் முதலாவது செத்தால் மற்ற மூன்றும் ஒரு படி முன்னால் நகர்ந்துவிடும், எழுதிவைத்த பட்டியல் அன்றைக்குப் பொய்யாகிவிடும். எந்த நாளுக்காக ரெய்டு போட்டோமோ அந்த நாளில்தான் இது தடுமாறும். வன்பொருள் ஒருபோதும் மாறாத, திரையே இல்லாத சிறு கருவிகளுக்கு வேண்டுமானால் சரி. மற்ற இடங்களில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனிட்ராம்எஃப்எஸ்ஸிடம் கொடுப்பது

பூட் லோடர், கெர்னலோடு சேர்த்து ஒரு சின்ன தற்காலிக ரூட்டையும் நினைவகத்தில் ஏற்றிவிடுகிறது. அதற்குள் எம்டிஅட்ம் இருக்கிறது, அதன் கான்ஃபிக் ஃபைலின் நகலும் இருக்கிறது. கான்ஃபிக்கில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு வரி: பெயர், சூப்பர்பிளாக் வடிவம், யூயூஐடி (தொகுதிக்கே உரிய தனி அடையாள எண்). டிஸ்க் எந்தக் கேபிளில் இருந்தாலும், எஸ்டிஏ எஸ்டிடி ஆகிவிட்டாலும், யூயூஐடி மாறாது. என் பழைய டிஸ்க் கதை இங்கே நடந்திருந்தால் அந்த அந்நியத் தொகுதிக்கு எம்டி0 என்ற பெயர் கிடைத்திருக்காது. வேண்டாத தொகுதிகளைத் தொடவே கூடாது என்று கான்ஃபிக்கிலேயே எழுதவும் முடியும். இனிட்ராம்எஃப்எஸ்ஸை டிராகட் என்ற கருவியால் உருவாக்கும் டிஸ்ட்ரோக்களில் பூட் வரியிலேயே யூயூஐடி கொடுத்து, இதை மட்டும் கோ என்று கட்டுப்படுத்தலாம்.

குறை இல்லையா என்றால், உண்டு. நகல் என்பதுதான் குறை. ஒரு நாள் நான் புதுத் தொகுதி ஒன்றை உருவாக்கி, கான்ஃபிக்கில் ஒழுங்காக வரி சேர்த்து, எதை எங்கே ஏற்றுவது என்ற பட்டியலான எஃப்எஸ்டேபில் எம்டி1 என்று எழுதி, மெஷினை மறுபடி துவக்கினேன். ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நின்றது. உள்ளே போய்ப் பார்த்தால் தொகுதி நலமாக ஓடிக்கொண்டிருக்கிறது, பெயர் மட்டும் எம்டி127. நான் திருத்தியது ரூட்டில் இருக்கும் கான்ஃபிக்கை. இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருந்ததோ பழைய நகல், அதற்கு இந்தத் தொகுதியைத் தெரியாது. தெரியாத தொகுதிக்கு எண் கொடுக்க வேண்டிவந்தால் எம்டிஅட்ம் 127-இலிருந்து கீழே இறங்கி, காலியாக இருக்கும் எண்ணைக் கொடுக்கும். மெஷினின் ஹோஸ்ட் பெயர் மாறியிருந்தாலும் இதே காட்சியைப் பார்க்கலாம், 1.2 வடிவத்தில் தொகுதியின் பெயரோடு ஹோஸ்ட் பெயரும் எழுதப்படுகிறது, பொருந்தாவிட்டால் அதை அந்நியமாகவே நடத்தும்.

மருந்து இரண்டு. கான்ஃபிக்கைத் தொட்டால் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்க வேண்டும்: டெபியன் வழிவந்தவற்றில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், ஃபெடோரா பக்கம் டிராகட், ஆர்ச்சில் எம்கேஇனிட்சிபியோ. அதைவிட முக்கியம், எஃப்எஸ்டேபில் எம்டி எண்ணை எழுதவே எழுதாதீர்கள். ஃபைல் சிஸ்டத்தின் யூயூஐடியை எழுதுங்கள். தொகுதி எம்டி0 ஆக வந்தாலும் எம்டி127 ஆக வந்தாலும் ஏறிவிடும். எம்டி127 என்பதைப் பார்த்துப் பதறி மன்றாடுகிறவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே போதுமானது.

மொத்தமாகவா, ஒவ்வொன்றாகவா

இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளும் இரண்டு பாணிகள் உண்டு. பழையது: கொஞ்சம் காத்திருந்து, டிஸ்க்குகள் எல்லாம் வந்திருக்கும் என்று நம்பி, ஒரே மூச்சில் ஸ்கேன் செய்து கோப்பது. புதியது: சாதனங்கள் வருவதைக் கவனிக்கும் யூடெவ்வின் விதிகள் மூலம், ஒவ்வொரு டிஸ்க் கண்ணில் படும்போதும் எம்டிஅட்ம் அதை அதன் தொகுதியில் சேர்ப்பது. வர வேண்டிய எல்லோரும் வந்ததும் தொகுதி தொடங்கும். பந்தியில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு பரிமாறுவது மாதிரி.

நல்ல நாளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு டிஸ்க் மெதுவாகச் சுழன்று எழும் நாளில் தெரியும். ஒரே மூச்சில் கோப்பது அவசரப்பட்டு, தாமதமாக வரும் டிஸ்க்கை விட்டுவிட்டுத் தொடங்கிவிடக்கூடும். பிறகு வந்த டிஸ்க் வெளியே நிற்கும், அதைத் திரும்பச் சேர்த்து ஒத்திசைக்க வேண்டும். ஒவ்வொன்றாகச் சேர்க்கும் முறை காத்திருக்கும். சரி, வரவே வராத டிஸ்க்குக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது? பூட்டில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி உள்ள மெஷின்களில் எம்டிஅட்ம் அதற்கென்றே ஒரு டைமர் வைத்திருக்கிறது. 30 விநாடி பார்த்துவிட்டு, இருப்பதை வைத்துத் தொடங்கிவிடும். ரூட் தொகுதிக்கு இனிட்ராம்எஃப்எஸ் ஸ்கிரிப்டுகளும் இதே மாதிரி சில சுற்று காத்திருந்துவிட்டுத்தான் கட்டாயமாகத் தொடங்கும். நான் பார்த்தவரை இதுதான் சரியான நடத்தை: பொறுமையும் உண்டு, பொறுமைக்கு ஒரு எல்லையும் உண்டு.

தானாக எழுவதா, நின்று கேட்பதா

உண்மையான முடிவு இங்கேதான் இருக்கிறது, மேலே சொன்னதெல்லாம் இதற்கான கருவிகள். ஒரு டிஸ்க் குறைந்தால் மெஷின் தானாகவே எழ வேண்டுமா, அல்லது நின்று ஆளைக் கூப்பிட வேண்டுமா?

தொலைவில் இருக்கும் சர்வர் என்றால் யோசனையே வேண்டாம், எழட்டும். திரையும் கீபோர்டும் இல்லாத மெஷின் இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் நின்று யாருக்காகக் காத்திருக்கும்? பக்கத்திலேயே இருக்கும் மெஷினுக்கு இது அவ்வளவு தெளிவான முடிவு இல்லை. ஒரு காட்சி சொல்கிறேன். ரெய்டு 1. ஒரு டிஸ்க்கின் கேபிள் தளர்ந்திருக்கிறது. திங்களன்று முதல் டிஸ்க் மட்டும் தெரிகிறது. மெஷின் சத்தமில்லாமல் எழுகிறது, நாள் முழுக்க வேலை செய்கிறோம். செவ்வாயன்று யாரோ மேசையை நகர்த்த, இந்தமுறை இரண்டாவது டிஸ்க் மட்டும் தெரிகிறது. மெஷின் அதையும் வைத்து எழுகிறது, ஆனால் திங்கள்கிழமை வேலை எதுவும் அதில் இல்லை. இப்போது ஒரே தொகுதிக்கு இரண்டு வரலாறு. புதன்கிழமை இரண்டையும் ஒழுங்காக மாட்டினால், ஒவ்வொன்றும் மற்றதைத்தான் பழுது என்று சொல்லும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதன் மேல் எழுத வேண்டியதுதான். ஒரு நாள் வேலை போகும்.

எம்டி ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு நிகழ்வு எண்ணிக்கையை வைத்திருக்கிறது. எது பிந்தியது என்று அதை வைத்துத்தான் பார்க்கிறது. ஒரு டிஸ்க் மட்டும் பின்தங்கினால் அது அருமையாக வேலை செய்யும். இரண்டும் தனித்தனியாக முன்னேறியிருந்தால் எந்த எண்ணும் நியாயம் சொல்ல முடியாது.

என் முடிவு: தானாக எழ விடுங்கள், ஆனால் கண்காணிப்பு இல்லாமல் அல்ல. எம்டிஅட்முக்குள்ளேயே கண்காணிக்கும் முறை உண்டு. குறையோடு எழுந்த தொகுதியைக் கண்டால் மின்னஞ்சல் அனுப்பும். அந்த அஞ்சல் உண்மையிலேயே உங்களுக்கு வந்து சேருகிறதா என்று ஒரு சோதனை அஞ்சல் அனுப்பிப் பாருங்கள், அதற்கும் ஒரு ஆப்ஷன் இருக்கிறது. அஞ்சல் வழி இல்லாத வீட்டு மெஷின் என்றால், நின்று கேட்பதே மேல் என்பேன். கேட்கும்போது கேபிளைத் தொட்டுப் பார்க்க ஒரு வாய்ப்பு கிடைக்கிறது.

ரெய்டு 5, 6 வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. டிஸ்க் குறைவு, கூடவே மின்சாரம் திடீரென்று போய் எழுத்து பாதியில் நின்ற நிலை, இரண்டும் சேர்ந்தால் கெர்னல் தொகுதியைத் தொடங்க மறுக்கும். கண்டுபிடிக்க முடியாத தரவுச் சிதைவு இருக்கலாம் என்பதுதான் காரணம். அதை மீறித் தொடங்கச் சொல்ல ஒரு கெர்னல் பாராமீட்டர் இருக்கிறது. அவசரத்தில் ஒருமுறை கையால் கொடுக்கலாம். நிரந்தரமாகப் பூட் வரியில் எழுதிவைத்துவிடாதீர்கள். மறுப்பதுதான் அங்கே உங்களுக்குச் செய்யும் உதவி.

எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர்

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, பூட் லோடரை முதல் டிஸ்க்கில் மட்டும் நிறுவியவர்கள் ஏராளம். முதல் டிஸ்க் போனால் கெர்னல் வரைக்கும்கூடப் போக முடியாது, எந்த வழியைத் தேர்ந்தெடுத்தோம் என்ற கேள்வியே எழாது. பழைய பயாஸ் முறையில் கிரப் என்ற பூட் லோடரை இரண்டு டிஸ்க்கிலும் நிறுவ வேண்டும். கிரப் 2-க்கு எம்டி தொகுதியைப் படிக்கத் தெரியும், 1.2 வடிவமும் பிரச்சினையில்லை.

பயாஸுக்குப் பதில் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் உள்ள மெஷின்களில் கொஞ்சம் நெருடல் உண்டு. ஃபர்ம்வேருக்கு ரெய்டு தெரியாது, அது ஃபேட் பார்ட்டிஷனைத்தான் தேடும். சூப்பர்பிளாக் கடைசியில் இருக்கும் 1.0 வடிவத்தில் ரெய்டு 1 போட்டால், ஃபர்ம்வேர் கண்ணுக்கு அது சாதாரண ஃபேட்டாகவே தெரியும். பலர் இந்தத் தந்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஃபர்ம்வேர் அந்தப் பார்ட்டிஷனில் எதையாவது எழுதிவிட்டால் ஒரு பக்கம் மட்டும் மாறியிருக்கும், எம்டிக்கு அது தெரியவே தெரியாது. ஒவ்வொரு டிஸ்க்கிலும் தனித்தனி பூட் பார்ட்டிஷன் வைத்து, கிரப் மாறும்போது நகலெடுப்பது அலுப்பான வேலைதான், ஆனால் அதில் மர்மம் எதுவும் இல்லை.

எம்டியை விட்டு வெளியே போனால்

டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம்முக்குள்ளேயே ரெய்டு வைத்துக்கொள்ளலாம். அடியில் ஓடுவது இதே எம்டி குறியீடுதான், குறையோடு தொடங்குவதையும் அது இயல்பாகவே அனுமதிக்கிறது. தன்னுள்ளேயே ரெய்டு வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டமான பிடிஆர்எஃப்எஸ் நேர் எதிர். டிஸ்க் ஒன்று இல்லையென்றால், டிகிரேடட் என்று வெளிப்படையாகக் கேட்காமல் மவுண்ட் ஆகாது. சிஸ்டம்டி மெஷினில் எல்லா டிஸ்க்கும் வரும் வரை மவுண்ட் முயற்சியே நடக்காமல் நிற்பதும் உண்டு. தரவைக் காப்பதில் கறாரான கொள்கை அது. தொலைவில் இருக்கும் சர்வரின் ரூட்டுக்கு, இந்த ஒரு காரணத்துக்காகவே நான் எம்டியைத்தான் எடுப்பேன்.

தரவு மட்டும் ரெய்டில் இருந்தால்

இவர்களுக்குச் சாவி வெளியே இருக்கிறது. ரூட் எழுந்த பிறகு யூடெவ் வழியாகத் தொகுதி தானே கோக்கப்படும். கவனிக்க வேண்டியது எஃப்எஸ்டேபில் ஒரு வார்த்தை: நோஃபெயில். அது இல்லாவிட்டால், படங்களும் பேக்கப்பும் மட்டும் இருக்கும் ஒரு தொகுதி வரவில்லை என்பதற்காக முழு மெஷினும் 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் படுத்துவிடும். நான் எம்டி127-இடம் மாட்டிக்கொண்ட நாளில் ஒன்றரை நிமிடம் காத்திருந்ததும் இதே கணக்குத்தான். அதே சமயம், தரவுத்தளம் போல அந்தத் தொகுதியை நம்பி ஓடும் சேவை இருந்தால், ஏறாத மவுண்டின் வெற்றுக் கோப்புறையில் அது புதிதாக எழுதத் தொடங்கிவிடாமல், மவுண்டைச் சார்ந்தே தொடங்கும்படி அதன் யூனிட்டில் சொல்லிவைக்க வேண்டும்.

எனவே புது மெஷினுக்கு என் தேர்வு: 1.2 வடிவம், யூயூஐடி எழுதிய கான்ஃபிக்கோடு இனிட்ராம்எஃப்எஸ், யூடெவ் ஒவ்வொன்றாகச் சேர்க்கும் முறை, இரண்டு டிஸ்க்கிலும் பூட் லோடர், அஞ்சல் அனுப்பும் கண்காணிப்பு. ஏற்கெனவே 0.90-இல் பல வருடமாக ஓடும் மெஷினைக் கையில் எடுத்திருக்கிறீர்கள் என்றால், ஓடுவதைக் கலைக்காதீர்கள். டிஸ்க் மாற்றும் நேரம் வரும்போது மாற்றிக்கொள்ளலாம்.

தேர்ந்தெடுத்ததைச் சோதிக்காமல் விடாதீர்கள். முதலில் தொகுதியின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டேட்டில் [2/2], அதாவது இரண்டில் இரண்டும் உண்டு, என்று இருக்கிறதா, ஒத்திசைவு முடிந்துவிட்டதா என்று பாருங்கள். அப்புறம் மெஷினை அணைத்து, முதல் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எழுப்புங்கள். நேரத்தைக் கணக்கிடுங்கள், அரை நிமிடம் அதிகம் எடுத்தால் பயப்பட வேண்டாம், அது அந்த டைமர். எழுந்ததும் எம்டிஸ்டேட்டில் [2/1] தெரிய வேண்டும், அஞ்சலும் வந்திருக்க வேண்டும். அணைத்து, டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, தொகுதியில் சேர்த்து, மறுபடி [2/2] வரும் வரை காத்திருங்கள். எந்தப் பகுதி மாறியது என்று குறித்துவைக்கும் பிட்மேப் வைத்திருந்தால் இது சீக்கிரம் முடியும். அதற்குப் பிறகுதான் இரண்டாவது டிஸ்க்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நடுவில் காத்திருக்காமல் மாற்றிக் கழற்றினால், அந்தத் திங்கள் செவ்வாய்க் கதையை நீங்களே உங்கள் கையால் நடத்திவைத்ததாகிவிடும்.